'இன்னைக்கு என்ன தேதி ஆயா?': வேலூர் கிராமங்களில் மறதி நோய் வெறும் 0.3 சதவீதமா? ஒரு டெஸ்ட் சொன்ன கணக்கும் அதில் விட்டுப்போனதும்

"இன்னைக்கு என்ன தேதி ஆயா?"

வேலூர் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில், எண்பது வயதைத் தொட்ட ஓர் ஆயாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "தேதி யாருக்குப்பா தெரியும்? அமாவாசை போயி நாலு நாள் ஆச்சு. வர்ற வெள்ளிக்கிழமை கூழ் ஊத்தறாங்க" என்று பதில் வரும். அமாவாசைக் கணக்கு சரி, வெள்ளிக்கிழமையும் சரி. ஆனால் டாக்டர் கையில் இருக்கும் தாளில் அந்தக் கேள்விக்கு மார்க் பூஜ்யம்தான். அதில் கேட்டிருப்பது ஆங்கிலத் தேதி.

எங்க ஆயாவை ஒரு கிளினிக்கில் இப்படிக் கேட்டபோது, "ஏன், உனக்கே தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அதற்கும் மார்க் கிடைக்கவில்லை.

சிரித்துவிட்டுக் கடந்து போகிற விஷயம் இல்லை இது. ஒரு ஊரில் எத்தனை முதியவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கிறது என்ற எண்ணிக்கை இந்த மாதிரி கேள்விகளில் இருந்துதான் வருகிறது. 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வில் நம்ம வேலூர் கிராமங்களும் இருந்தன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் விதிமுறைப்படி பார்த்தபோது, அங்கே 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் டிமென்ஷியா இருப்பவர்கள் 0.3 சதவீதம்தான். ஆயிரம் பேருக்கு மூன்று பேர். அதே ஆய்வில் கியூபாவில் 6.3 சதவீதம்.

வேலூர் காற்றிலோ கேழ்வரகுக் களியிலோ ஏதாவது மகிமை இருக்கிறதா? இருந்தால் நல்லதுதான். ஆனால் அதே ஆய்வில், அதே மனிதர்களை இன்னொரு முறையிலும் கணக்கிட்டார்கள். அந்த முறையில் 11 இடங்களில் ஒன்றில்கூட எண்ணிக்கை 5.6 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. வேலூரும் அந்த 11-ல் ஒன்று.

ஆட்கள் மாறவில்லை. அளவுகோல்தான் மாறியது. அப்படியென்றால் எதை நம்புவது?

தோல் அளக்கிற மெஷினும் மறதி டெஸ்டும்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பதனிட்ட தோலை சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். அளக்க மெஷின் இருக்கிறது. ஒரே தோலை மூன்று தடவை விட்டாலும் மெஷின் ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒரு தடவை ஆறு, அடுத்த தடவை ஆறே முக்கால் என்று காட்டினால் அந்த மெஷினை யாரும் நம்ப மாட்டார்கள். இதைத்தான் நம்பகத்தன்மை என்கிறார்கள். திரும்பத் திரும்ப அளந்தாலும், ஆள் மாறி அளந்தாலும், விடை மாறாமல் இருப்பது.

தரம் பிரிப்பது வேறு வேலை. தோலில் கீறல் இருக்கிறதா, உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பிரிப்பார்கள். இரண்டு அனுபவசாலிகள் தனித்தனியாகப் பார்த்து ஒரே தரம் சொன்னால் அதுவும் நம்பகத்தன்மைதான். ஒருவர் முதல் தரம் என்பதை இன்னொருவர் மூன்றாம் தரம் என்றால் சிக்கல் தோலில் இல்லை, பிரிக்கிற முறையில் இருக்கிறது.

இப்போது ஒரு வியாபாரி வந்து, "இந்தத் தோல் ஷூவோட மேல்பாகத்துக்கு ஆகுமா?" என்று கேட்கிறார். நீங்கள் மெஷினைக் காட்டி "ஆறு சதுர அடி" என்கிறீர்கள். மெஷின் பொய் சொல்லவில்லை, நூறு தடவை கேட்டாலும் ஆறுதான் சொல்லும். ஆனால் அவர் கேட்டது அதை இல்லையே! கேட்ட கேள்விக்கு அந்த அளவு செல்லுமா என்பதுதான் இரண்டாவது விஷயம். பி.எட். புத்தகங்களில் இதை ஏற்புடைமை என்று போட்டிருக்கும். எனக்கு 'செல்லுபடித்தன்மை' என்ற வார்த்தை இன்னும் பிடிக்கும். ரூபாய் நோட்டு மாதிரி, இந்த இடத்தில் இது செல்லுமா, செல்லாதா?

நம்பகமாக இருக்கும் ஓர் அளவு செல்லாமலும் போகலாம். ஆபத்தும் அங்கேதான். மாறி மாறிக் காட்டுகிற மெஷினை உடனே சந்தேகப்படுவோம். ஒரே மாதிரி தப்பாகக் காட்டுகிற மெஷினை யார் சந்தேகப்படுவார்கள்? கடைத் தராசுக்காவது தொழிலாளர் துறை அதிகாரி வந்து முத்திரை போடுகிறார். மனசை அளக்கிற தாளுக்கு அப்படி யாரும் வருவதில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கணக்குப் பரீட்சையில் கேள்வியை நாலு வரி கடினமான ஆங்கிலத்தில் கொடுத்தால், குறைந்த மார்க் வாங்கும் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையா, ஆங்கிலம் வரவில்லையா என்று அந்த மார்க்கை வைத்துச் சொல்ல முடியாது.

30 மார்க் பரீட்சை

உலகம் முழுக்க மறதியைச் சோதிக்க அதிகம் பயன்படுவது எம்.எம்.எஸ்.இ. என்ற சின்னப் பரீட்சை. 1975-ல் அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 மார்க். 24-க்குக் கீழே போனால் பொதுவாகச் சந்தேகப்படுவார்கள்.

என்ன கேட்பார்கள்? தேதி, கிழமை, மாதம், வருஷம், பருவகாலம். அப்புறம் மாநிலம், ஊர், இது எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி. மூன்று பொருட்களின் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள்: 93, 86, 79, 72, 65. இதற்கு மட்டும் ஐந்து மார்க். 'கண்ணை மூடு' என்று எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்றோடு ஒன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும்.

பள்ளிக்கூடமே போகாத, ஆனால் நல்ல ஞாபகசக்தி உள்ள ஓர் ஆயாவை உட்கார வையுங்கள். படிக்கத் தெரியாது, ஒரு மார்க் போச்சு. எழுதத் தெரியாது, இன்னொன்று. பென்சிலே பிடித்ததில்லை, ஐங்கோணமும் போச்சு. ஏழு ஏழாகக் கழிப்பதில் முதல் விடை வந்தால் பெரிது, நாலு மார்க் போகும். ஆங்கிலத் தேதியும் வருஷமும் தெரியாது, இரண்டு. மொத்தம் ஒன்பது கழித்தால் 21. மூளையில் ஒரு கோளாறும் இல்லாமலே ஆயா 24-க்குக் கீழே வந்துவிட்டார். ஓட்டு வீட்டில் உட்கார வைத்து "இது எத்தனையாவது மாடி?" என்று கேட்டதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அடுத்த வாரம் போய்க் கேட்டாலும் அதே 21 வரும். வேறு டாக்டர் கேட்டாலும் அதேதான். நம்பகத்தன்மைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த 21 அளந்தது ஆயாவின் ஞாபகசக்தியை இல்லை, அவர் ஸ்கூலுக்குப் போகாததை. இதே ஆயாவிடம் நூறு ரூபாய் கொடுத்து மூன்று முழம் பூ வாங்கிப் பாருங்கள். மீதிச் சில்லறை கணப்பொழுதில் வரும்.

நேர்மாறாகவும் நடக்கும். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் மறதி நோயின் ஆரம்பத்தில் இருக்கலாம். ஆனால் அறுபது வருஷப் படிப்பும் பழக்கமும் கைகொடுக்க 28 மார்க் வாங்கிவிட்டு வெளியே வருவார். வீட்டில் "டெஸ்ட்லயே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று நிம்மதி ஆகிவிடுவார்கள்.

இந்தச் சிக்கலை இந்தியாவில் முன்பே கவனித்திருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக இந்தி வடிவம் ஒன்றை உருவாக்கி 1995-ல் வெளியிட்டார்கள். கழித்தல் கணக்கை எடுத்துவிட்டு, வாரத்தின் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லாமல், கேட்பவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யச் சொன்னார்கள். சோதிக்கும் திறமை கிட்டத்தட்ட அதேதான், அதற்குள் போகிற வழி வேறு.

கணியம்பாடியில் நடந்தது

1998-ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். பெயர் 10/66. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் அதைப் பற்றிய மக்கள்தொகை ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை. அந்தக் கோபம்தான் பெயரே.

முதலில் அளவுகோலைச் சரிசெய்தார்கள். இந்தியா, சீனா, லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் சோதித்துப் பார்த்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். டிமென்ஷியா உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், எந்தப் பிரச்சினையும் இல்லாத படித்தவர்கள், பிரச்சினை இல்லாத படிக்காதவர்கள் என்று ஆட்களை முன்கூட்டியே பிரித்துவைத்துக்கொண்டு, டெஸ்ட் யாரை எப்படிச் சொல்கிறது என்று பார்த்தார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 94 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. படிக்காதவர்களில் தவறாக நோயாளி என்று சொன்னது 6 சதவீதம். படித்தவர்களில் 3. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் 15 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம்தான் பெரிய சர்வே. ஏழு நாடுகள், 11 இடங்கள், 65 வயதைத் தாண்டிய கிட்டத்தட்ட 15 ஆயிரம் பேர். இந்தியாவில் நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். வேலூரில் இதைச் செய்தவர்கள் சி.எம்.சி. மருத்துவர்கள், இடம் பாகாயத்தை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியம். அந்த ஒன்றியத்தில் சி.எம்.சி.யின் சமுதாய சுகாதாரப் பணி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ஆள் புதிதில்லை.

முடிவுதான் மேலே சொன்னது. அமெரிக்க விதிமுறையான டி.எஸ்.எம்-4 படி 0.3 சதவீதம். 10/66 முறையிலோ எல்லா இடங்களும் 5.6-க்கும் 11.7-க்கும் நடுவில்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒருவருக்கு டிமென்ஷியா என்று சொல்ல, ஞாபகசக்தி குறைந்தால் மட்டும் போதாது என்கிறது டி.எஸ்.எம்-4. அந்தக் குறைவால் அவருடைய அன்றாட வேலையும் மற்றவர்களோடு பழகுவதும் நன்றாகவே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். முன்பு இருந்த நிலையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். விதி நியாயமானதுதான். ஆனால் இந்தத் தகவலை யார் தருவது? வீட்டில் இருப்பவர்கள்.

இங்கதான் விஷயமே இருக்கு. "உங்க அத்தை முன்னாடி செஞ்ச வேலைய இப்ப செய்ய முடியாம கஷ்டப்படறாங்களா?" என்று மருமகளிடம் கேட்டால், "அவங்கள நாங்க ஒரு வேலையும் செய்ய விடறதில்லீங்க" என்று பதில் வரும். அது உண்மையும்கூட. ரேஷன் கடைக்குப் போவது பேரனிடம் வந்தது. சமையல் மருமகளிடம் வந்தது. காசு பணம் மகனிடம் போனது. மரியாதையால் போனது எது, முடியாமல் போனது எது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்டாலும் "வயசாயிடுச்சு, அப்படித்தான்". வழி மறந்து நின்றாலும் தெருவில் தெரிந்தவர் யாராவது கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். ஆக, 'பாதிப்பு இல்லை' என்று தாளில் டிக் விழுகிறது. விழிப்புணர்வு குறைந்த இடங்களில் டி.எஸ்.எம்-4 நோயைக் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன முடிவு.

சரி, 10/66 முறை சும்மா அதிகமாகக் காட்டவில்லை என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. 11 இடங்களிலும் சேர்த்து 10/66 முறை கண்டுபிடித்தது 1,345 பேரை. அதில் 847 பேரை டி.எஸ்.எம்-4 ஏற்கவில்லை. அந்த 847 பேர் நிஜத்தில் நன்றாக இருக்கிறார்களா என்று, உலக சுகாதார நிறுவனத்தின் இயலாமை அளவுகோல் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு அன்றாட வாழ்க்கையில் சிரமம் அதிகமாகவே இருந்தது. செல்லுபடித்தன்மையை இப்படித்தான் சோதிப்பார்கள். ஒரு டெஸ்ட் சொல்வதை, அதற்குச் சம்பந்தமில்லாத வேறொரு சாட்சியை வைத்துப் பார்ப்பது. இத்தோடு விவாதம் முடிந்ததா என்றால் இல்லை. இந்த முறை நோய் இல்லாத சிலரையும் சேர்த்துப் பிடிக்கிறதோ என்ற கேள்வி உண்டு. வேலூரில் வேலை செய்த மருத்துவர்களே அதைப் பேசியிருக்கிறார்கள். அடுத்த கட்டமாக வேலூர் பெயரிலேயே ஒரு டிமென்ஷியா சோதனை 2009-ல் வெளியானது. அதில் முதியவருக்குத் தனிக் கேள்விகள், வீட்டாருக்குத் தனிக் கேள்விகள்.

'90 சதவீதம் துல்லியம்' என்றால்?

செல்போனில் 'உங்கள் மூளையின் வயது என்ன?' மாதிரி டெஸ்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. சில டெஸ்டுகள் 90 சதவீதம் துல்லியம் என்று போட்டுக்கொள்ளும். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஒன்றியத்தில் 1,000 முதியவர்கள், அதில் 70 பேருக்கு டிமென்ஷியா என்று ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நோயுள்ள 70 பேரில் 90 சதவீதம், அதாவது 63 பேரை டெஸ்ட் பிடித்துவிடும். நோயில்லாத 930 பேரில் 10 சதவீதம், அதாவது 93 பேரைத் தவறாகப் பிடிக்கும். "உங்களுக்கு இருக்கலாம்" என்று கேட்டுப் பயந்து நிற்கிற 156 பேரில் பாதிக்கும் மேல் நோய் இல்லாதவர்கள்!

அதனால்தான் இந்த டெஸ்டுகளை 'சலிப்பது' என்கிறார்கள், 'முடிவு' என்று சொல்வதில்லை. வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்க்கிற திட்டம் தமிழ்நாட்டில் 2021-ல் இருந்து நடக்கிறது. நாளைக்கு அந்தப் பெண்களின் கையில் ஒரு ஞாபகசக்திக் கேள்வித்தாளையும் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்கலாம். ஆனால் அதில் சிக்குகிற ஒவ்வொருவரையும் அடுத்து யார் பார்ப்பார்கள் என்பதற்கும் சேர்த்து ஏற்பாடு வேண்டும். பிபி மெஷினில் தப்பு வந்தால் மறுபடி காற்றடித்துப் பார்க்கலாம். 'மறதி நோய்' என்று ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டால் அப்புறம் அந்த முதியவர் பேச்சை வீட்டில் யார் மதிப்பார்கள்? சொத்துப் பத்திரத்தில் அவர் கையெழுத்து என்ன ஆகும்?

ஆம்பூருக்கு எந்த மொழியில்?

கணியம்பாடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வந்தால் ஆம்பூர். 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அங்கே ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் உருது, எதிர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். உருது பேசும் ஒரு நானியிடம் மாதம் கேட்டால், பிறைக் கணக்கில் ஷாபான் என்று சரியாகச் சொல்வார். தமிழ்க் கேள்வித்தாளில் அதற்கு மார்க் போட இடம் இருக்காது.

மொழிபெயர்த்தால் போதாதா? எம்.எம்.எஸ்.இ.யில் 'நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ் ஆர் பட்ஸ்' என்று சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். சின்னச் சின்ன இணைப்புச் சொற்கள் வரிசையாக வருவதால் நாக்கும் மூளையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும், சோதனையே அதுதான். இதன் அர்த்தத்தைத் தமிழில் போட்டால் 'சாக்குப்போக்கு சொல்லாதே' என்று வரும். இதைத் திருப்பிச் சொல்ல யாருக்குக் கஷ்டம்? தமிழ் பி.ஏ. படித்தவனாகச் சொல்கிறேன், அர்த்தம் சரியாக வந்திருக்கிறது, ஆனால் சோதனை காணாமல் போய்விட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பல மொழிகளுக்கும் படிக்காதவர்களுக்கும் சேர்த்து ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கியது. முதலில் வந்த மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். அந்த ஐந்தில் தமிழும் இல்லை, உருதுவும் இல்லை.

வீட்டில் சந்தேகம் வந்தால்?

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்கிறது 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர். அதனால் "வயசானா அப்படித்தான்" என்று விடுவது சரியில்லை. அதே நேரம் ஒரு மார்க்கை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் சரியில்லை. மனச்சோர்வில் இருப்பவர்களில் 15 சதவீதம் பேர் தவறாகப் பிடிபட்டார்கள் என்று பார்த்தோமே, அது இதற்குத்தான். துணையை இழந்து பேச்சைக் குறைத்துக்கொண்ட தாத்தாவுக்கு இருப்பது மறதி நோயாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். காது சரியாகக் கேட்காதவர் கேள்வியே புரியாமல் தப்பாகப் பதில் சொல்வார். கண்புரை இருப்பவர் படத்தைப் பார்த்து எப்படி வரைவார்? கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் போட்டுக்கொண்டுதான் டெஸ்டுக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: எத்தனாவது வரை படித்தவர், வீட்டில் எந்த மொழி பேசுவார். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மார்க் சொன்னால், "இவங்க படிப்புக்கு இது குறைச்சலா டாக்டர்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி அதே டெஸ்டை எடுக்கச் சொன்னால் அலைச்சல் என்று நினைக்காதீர்கள். 21 என்ற ஒற்றை எண்ணைவிட, 21 எப்போது 17 ஆனது என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

போவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். போன வருஷம் தானாகச் செய்து, இந்த வருஷம் செய்யாமல் விட்டவை என்னென்ன? அடுப்பைப் பற்றவைப்பது, மாத்திரையைப் பிரித்துப் போடுவது, பால்காரருக்குக் கணக்குச் சொல்வது, பேரப்பிள்ளை பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நாமாக வாங்கிக்கொண்டதா, அவரால் முடியாமல் போனதா என்று குறித்துவையுங்கள். கணியம்பாடியில் தாளுக்கு வராமல் போன தகவல் இதுதான். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வேண்டியவர் பெங்களூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வரும் மகன் இல்லை. காலையில் ஷூ கம்பெனி வேன் ஏறுவதற்கு முன்னால் அத்தைக்குச் சோறு போட்டு மூடிவைத்துவிட்டுப் போகிற மருமகள்தான். அவருக்கு அன்றைக்கு லீவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.